'ஆள் கிளம்பிட்டாரு சார்!': வீட்டுக்கு வரும் சர்வீஸ் மெசேஜ் ஏன் பொய்யாகிறது?

மே மாதம். சென்னையில் கத்திரி வெயில். வீட்டில் ஏசி ஓடுகிறது, ஆனால் வருவது வெறும் காற்று. சர்வீஸுக்குப் பதிவு செய்தாயிற்று. 'நாளை காலை 10 முதல் 12 மணிக்குள் எங்கள் டெக்னீஷியன் வருவார்' என்று மெசேஜும் வந்துவிட்டது. அதை நம்பி அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்கிறீர்கள்.

மணி 12.30. ஆள் வரவில்லை. போன் செய்தால், "கிளம்பிட்டாரு சார், பக்கத்துலதான் இருக்காரு" என்கிறார்கள். 2 மணிக்கு இன்னொரு மெசேஜ்: 'உங்கள் சர்வீஸ் முடிந்தது. எங்களுக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்?'

சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாமல் நீங்கள் நிற்கும் அதே நேரத்தில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மொட்டை மாடியில் அந்த டெக்னீஷியன் வேறொரு வீட்டு ஏசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு இப்படி ஒரு மெசேஜ் போனதே அவருக்குத் தெரியாது.

ஏசி, ஆர்ஓ தண்ணீர் ஃபில்டர், வாஷிங் மெஷின், பிராட்பேண்ட், லிஃப்ட், கரையான் மருந்து அடிப்பது என இடம் தேடி வந்து வேலை செய்யும் தொழில்களை 'ஃபீல்ட் சர்வீஸ்' என்பார்கள். இந்தத் தொழில்களில் மெசேஜ் அனுப்பும் வேலை இப்போது வேகமாக மென்பொருளின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது எப்படி இயங்குகிறது? எங்கே சொதப்புகிறது? சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை நடத்துபவர் இதை எப்படிச் செய்யலாம்? பார்ப்போம்.

தானியங்கி மெசேஜ் எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் 8 டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சீசனில் ஆளுக்கு 5 வேலை. ஆக, நாளுக்கு 40 வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது நான்கு போன் அழைப்புகள் வரும். 'புக்கிங் ஆச்சா?' என்று ஒன்று. 'எப்ப வருவீங்க?' என்று ஒன்று. 'அண்ணே, அட்ரஸ் கிடைக்கல, எந்தத் தெரு?' என்று டெக்னீஷியனிடமிருந்து ஒன்று. 'பில் அனுப்பலையே?' என்று ஒன்று. மொத்தம் 160 அழைப்புகள். ஓர் அழைப்புக்கு 2 நிமிடம் என்றாலும் 320 நிமிடங்கள், அதாவது 5 மணி நேரம் 20 நிமிடம்.

கடையில் போன் எடுப்பவர் ஒருவர்தான் என்றால், அவருடைய நாளில் பெரும்பகுதி இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும். நிஜமாகவே பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினையோடு கூப்பிடுபவருக்கு 'லைன் பிஸி'.

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் ஏற்கெனவே எங்கோ பதிவாகியிருக்கிறது: புக்கிங் நோட்டில், டெக்னீஷியனின் நினைவில், பில் புத்தகத்தில். அந்தப் பதிலை, கேட்பதற்கு முன்பே உரியவருக்கு அனுப்பிவிட்டால் போதும். தானியங்கி மெசேஜ் செய்யும் வேலை இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதற்கான மென்பொருள்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே முறையில்தான் இயங்குகின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ உட்படப் பல நிறுவனங்கள் இவற்றை விற்கின்றன.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'நிலை' இருக்கும். பதிவானது, ஆள் ஒதுக்கப்பட்டது, கிளம்பியாயிற்று, வேலை தொடங்கியது, முடிந்தது, பணம் வந்தது என்று அது நகர்ந்துகொண்டே போகும். நிலை மாறும் ஒவ்வொரு முறையும் என்ன செய்ய வேண்டும் என்று மென்பொருளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். 'ஆள் ஒதுக்கப்பட்டது' என்று மாறினால், வாடிக்கையாளருக்கு டெக்னீஷியனின் பெயர் போகும். டெக்னீஷியனுக்கு முகவரி, மேப் லிங்க், என்ன கோளாறு என்ற விவரம் போகும். 'முடிந்தது' என்றால் பில்லும், பணம் கட்ட யூபிஐ லிங்க்கும் போகும்.

இதுதவிர, நேரத்தை வைத்து அனுப்புபவையும் உண்டு. முந்தின நாள் மாலை நினைவூட்டல், ஆறு மாதம் கழித்து 'அடுத்த சர்வீஸ் வந்தாச்சு' என்ற தகவல் போன்றவை.

ஆக, நிகழ்வை வைத்து ஒன்று, நேரத்தை வைத்து ஒன்று என இரண்டே வகைதான். பிரச்சினை பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் தொடங்குகிறது.

கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால்...

10 மணிக்கு புக்கிங். எனவே 9.30-க்கு 'எங்கள் டெக்னீஷியன் கிளம்பிவிட்டார்' என்று தானாகப் போகும்படி அமைத்துவிடலாம். அமைப்பது சுலபம், டெக்னீஷியன் போனில் எதையும் அழுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் நிஜமாகவே கிளம்பினாரா என்று அந்த மெசேஜுக்குத் தெரியாது. முதல் வீட்டில் கெப்பாசிட்டர் மாற்றினால் போதும் என்று நினைத்துப் போனவர், கேஸ் லீக்கைத் தேடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கடிகாரம் தன் பாட்டுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கும்.

முன்பு போன் எடுத்தவர் 'கிளம்பிட்டாரு சார்' என்று ஒருவரிடம் ஒரு பொய் சொன்னார். இப்போது அதே பொய் ஒரே நாளில் 40 பேருக்கு, எழுத்தில், கடையின் பெயரோடு போகிறது.

எனவே முதல் விதி இது: நேரத்தை வைத்து நினைவூட்டலாம், ஆனால் நடந்ததாக எதையும் சொல்லக் கூடாது. 'நாளை 10 மணிக்கு வருகிறோம், வசதிப்படுமா?' என்பதைக் கடிகாரம் கேட்கலாம். 'கிளம்பிவிட்டார்' என்பதை, டெக்னீஷியன் தன் போனில் 'கிளம்பிட்டேன்' பட்டனை அழுத்திய பிறகுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது விதி, தாமதத்துக்கும் ஒரு மெசேஜ் வேண்டும். பெரும்பாலான கடைகள் எல்லாம் சரியாக நடந்தால் என்ன அனுப்புவது என்று மட்டும் யோசிக்கின்றன. முந்தின வேலை இழுத்துவிட்டால் டெக்னீஷியன் அழுத்துவதற்கு 'லேட் ஆகும்' என்று ஒரு பட்டன் இருந்தால் போதும். 'முந்தின வேலை முடியத் தாமதமாகிறது. 1 மணிக்கு மேல்தான் வர முடியும். காத்திருக்கிறீர்களா, வேறு நாள் வேண்டுமா?' என்று கேட்டுவிடலாம். லீவு போட்டவருக்கு 11 மணிக்கே இது தெரிந்தால், மதியம் ஆபீஸுக்காவது போவார்.

மூன்றாவது, ரத்தானால் வரிசையில் நிற்கும் மற்ற மெசேஜ்களும் ரத்தாக வேண்டும். வேலையை வியாழனுக்கு மாற்றிய பிறகும் செவ்வாய்க்கிழமை நினைவூட்டல் போனால், 'உங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குத் தெரியாதா?' என்ற கேள்விதான் வரும்.

ஓடிபி கேட்கும் டெக்னீஷியன்

இந்தக் காட்சியும் உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம். வேலை இன்னும் முடியவில்லை, பார்ட்ஸ் வர வேண்டும். ஆனாலும் டெக்னீஷியன், "மேடம், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க. நாளைக்கு வந்து முடிச்சுத் தர்றேன்" என்கிறார். நீங்கள் சொன்ன அடுத்த நொடி, 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வருகிறது. மறுநாள் அவர் வராவிட்டால், கணக்குப்படி உங்களுக்குப் புகாரே கிடையாது.

சில நிறுவனங்கள் இந்த எண்ணுக்கு 'ஹேப்பி கோட்' என்று செல்லப்பெயர்கூட வைத்திருக்கின்றன. வாடிக்கையாளர் திருப்தியடைந்ததற்கான சாட்சி அது. அந்தச் சாட்சியே பொய்யாவது ஏன்?

டெக்னீஷியனின் போனையும் பார்க்க வேண்டும். அவருக்கும் தானியங்கி மெசேஜ்கள் வந்துகொண்டிருக்கின்றன. 'இந்த வேலை இத்தனை மணிக்குள் மூடப்பட வேண்டும்', 'இன்று உங்கள் கணக்கில் 3 வேலைகள் நிலுவை', 'இலக்கைத் தொடவில்லை'. பார்ட்ஸ் வரவில்லை என்பது அவர் தப்பில்லை. ஆனால் ஆப்பில் இருப்பது 'முடிந்தது', 'முடியவில்லை' என்ற இரண்டே பட்டன்கள். 'முடியவில்லை' என்றால் ஊக்கத்தொகை போகும், அல்லது மேலதிகாரியிடமிருந்து போன் வரும். ஆக, அவர் 'முடிந்தது' என்பதை அழுத்தும் வழியைத் தேடுகிறார்.

வாடிக்கையாளருக்குப் போகும் மெசேஜ் உண்மையாக இருக்க வேண்டுமானால், டெக்னீஷியன் உண்மையை அழுத்துவதற்குப் பயப்படாத நிலை இருக்க வேண்டும். இதை எந்த மென்பொருளாலும் வாங்கித்தர முடியாது. 'பார்ட்ஸுக்காகக் காத்திருப்பு', 'வீடு பூட்டியிருந்தது', 'வாடிக்கையாளர் வேறு நாள் கேட்டார்' என்ற நிலைகளையும் ஆப்பில் சேர்த்து, அவற்றை அழுத்தினால் ஊழியருக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று உறுதிசெய்வது முதலாளியின் வேலை.

ஊழியருக்கு என்ன அனுப்பலாம்?

காலை 8 மணிக்கு அன்றைய வேலைப் பட்டியல். ஒவ்வொன்றிலும் மேப் லிங்க், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, ஏணி வேண்டுமா, என்ன மாடல், போன முறை என்ன செய்தோம் என்ற விவரம். இவ்வளவும் இருந்தால், பாதி நாள் கழித்து 'ஏணி எடுத்துட்டு வரலையே' என்று திரும்பிப் போக வேண்டியிருக்காது.

இடையில் வேலை மாறினால் ஒரே ஒரு மெசேஜ். அதையும் அவர் பைக் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து அனுப்பாமல், கையிலிருக்கும் வேலையை முடித்ததாக அழுத்திய பிறகு அனுப்புவது நல்லது. சாலையில் போகும்போது பாக்கெட்டில் போன் அதிர்ந்தால் எடுத்துப் பார்க்கத்தான் தோன்றும். ஓர் அறிவிப்புக்காக ஒரு விபத்து வேண்டாம்.

அவசர வேலை தவிர, வேலை நேரம் முடிந்த பிறகு எதுவும் போகாதபடி பூட்டிவிட வேண்டும். இருக்கும் இடத்தைக் காட்டும் லொகேஷன் வசதியும் அப்படித்தான். வேலை நேரத்தில் மட்டும் ஓடட்டும். அவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்பது கடைக்குத் தேவையில்லாத விஷயம்.

மொழியும் முக்கியம். சென்னையில் வேலை செய்யும் டெக்னீஷியன்களில் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள், இந்தி மட்டும் படிப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஆங்கிலத்திலேயே நீளமாக அனுப்பிவிட்டு, 'மெசேஜ் பாக்கலையா?' என்று கேட்பதில் பயனில்லை.

எஸ்எம்எஸ்ஸா, வாட்ஸ்அப்பா?

எஸ்எம்எஸ் என்றால் இந்தியாவில் நினைத்த மாத்திரத்தில் மொத்தமாக அனுப்பிவிட முடியாது. டிராய் கொண்டுவந்த 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நிறுவனம் முதலில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் 'டிஎல்டி' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அனுப்புநர் பெயர், மெசேஜின் வாசக மாதிரி இரண்டுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். பெயர், நேரம் போன்ற மாறும் இடங்களை மட்டும் காலியாக விட்டு, மீதி வாசகத்தை அப்படியே அனுப்ப வேண்டும். வாசகம் ஒத்துப்போகாவிட்டால் மெசேஜ் போய்ச் சேராது. 2021 மார்ச் 8 அன்று இந்தச் சரிபார்ப்பை முழுமையாகத் தொடங்கியபோது, நாடு முழுக்க வங்கி ஓடிபிகளே சிக்கிக்கொண்டன. டிராய் அதை ஒரு வாரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இப்போது மெசேஜில் லிங்க் வைப்பதானால் அதையும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் இரண்டு வழிகள். முதலாவது, இலவசமான வாட்ஸ்அப் பிசினஸ் ஆப். வரவேற்பு மெசேஜ், கடை மூடியிருக்கும்போது போகும் பதில், அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்துவைக்கும் வசதி எல்லாம் இதிலேயே உண்டு. இரண்டாவது, மென்பொருளோடு இணைக்கும் கட்டண வழி. இதில் நீங்களாக முதலில் அனுப்பும் மெசேஜுக்கு ஒப்புதல் பெற்ற மாதிரி வேண்டும். வாடிக்கையாளர் உங்களுக்கு எழுதினால், அப்போதிருந்து 24 மணி நேரத்துக்கு நீங்கள் இயல்பாகப் பதில் எழுதலாம். 2025 ஜூலை முதல் மாதிரி மெசேஜ்களுக்கு எண்ணிக்கைப்படி கட்டணம். விளம்பரம் ஒரு வகை, புக்கிங் தகவல் போன்ற பயன்பாட்டு மெசேஜ் இன்னொரு வகை. பயன்பாட்டு வகையை அந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் கட்டணம் இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'நாளை 10 மணிக்கு வருகிறோம், சரியா?' என்று கேட்டு, வாடிக்கையாளர் 'சரி' என்று பதில் போட்டால், அடுத்த 24 மணி நேரத்துக்குப் போகும் 'கிளம்பிவிட்டார்', 'பில் இதோ' மெசேஜ்களுக்குச் செலவே இல்லை. கேள்வி கேட்பது மரியாதை மட்டுமில்லை, சிக்கனமும்கூட.

தமிழில் அனுப்பினால்?

எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்துகள் வரை இடம் உண்டு. தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துகள் வந்தால் அது 70 ஆகக் குறைந்துவிடும். ஆங்கில மெசேஜுக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் இதே கதிதான். 70-ஐத் தாண்டினால் மெசேஜ் 67 இடங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம்.

இன்னொரு சிக்கல், நாம் எண்ணுவதுபோல் கணினி எண்ணாது. 'தண்ணீர்' நமக்கு நான்கு எழுத்து. புள்ளியையும் ஈகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு ஏழு.

'உங்கள் ஏசி சர்வீஸுக்கு நாளை காலை 10-12 மணிக்குள் வருவோம்.' இந்த ஒரு வரியே 57 இடங்களை எடுத்துக்கொள்கிறது. ஓர் இடைவெளி விட்டு பத்து இலக்கப் போன் நம்பரைச் சேர்த்தால் 68. டெக்னீஷியன் பெயரையும் சேர்த்தால் அநேகமாக இரண்டு மெசேஜ் காசு. அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை, சுருக்கமாக எழுதப் பழகினால் போதும். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி' என்ற அலங்காரத்துக்கு இங்கே இடமில்லை. யார், எப்போது, எந்த நம்பர். இந்த மூன்று மட்டும். நீளமாகச் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் சொல்லலாம்.

சின்னக் கடை எங்கே தொடங்கலாம்?

முதல் நாளே மென்பொருள் வாங்க வேண்டாம். ஒரு வாரம், கடைக்கு வரும் அழைப்புகள் என்னென்ன கேள்விகள் என்று நோட்டில் கோடு போட்டுவாருங்கள். அதிகக் கோடு விழுந்த கேள்விக்கு மட்டும் முதல் மெசேஜ். அநேகமாக அது 'எப்ப வருவீங்க?' என்பதாகத்தான் இருக்கும்.

இலவச ஆப்பில் பதில்களைச் சேமித்துவைத்து, சில வாரங்கள் கையால் அனுப்பிப் பாருங்கள். எங்கே குழப்பம் வருகிறது என்று புரிந்த பிறகு தானியங்கிக்கு மாறுங்கள். எந்த மெசேஜானாலும் அதற்குப் பதில் எழுதினால் ஒரு மனிதர் படிக்கும்படி வையுங்கள். 'இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்ற வரி, காத்திருப்பவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது போல.

சர்வீஸுக்காக வாங்கிய நம்பருக்குத் தீபாவளி ஆஃபர் அனுப்பும் ஆசை வரும். அதற்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிக் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. எந்த நோக்கத்துக்காகத் தகவல் வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது என்பதே அதன் அடிப்படை.

நீங்கள் வாடிக்கையாளர் என்றால்...

* வேலை முடிவதற்கு முன் ஓடிபி சொல்லாதீர்கள். "பார்ட்ஸ் வந்து மாட்டினதும் சொல்றேன்ங்க" என்று தன்மையாகச் சொன்னால் போதும். டெக்னீஷியன் தயங்கினால், அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டு நிலவரத்தை நீங்களே சொல்லுங்கள். அது அவருக்கும் உதவி.
* எஸ்எம்எஸ் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 2025-இல் வந்த மாற்றத்தின்படி 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. வேண்டாத விளம்பரம் வந்தால் 1909-இல் புகார் செய்யலாம்.
* 'சர்வீஸ் புக்கிங்கை உறுதிசெய்ய இந்த ஆப்பை நிறுவுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு வந்தால் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.
* முடியாத வேலையை முடிந்ததாக மூடிவிட்டால் அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடும்போது அதுவே ஆதாரம்.

மறுபடி அதே மே மாதம்

அதே வீடு, அதே ஏசி. முந்தின நாள் மாலை 'நாளை 10-12, வசதிப்படுமா?' என்று கேட்டார்கள். 'சரி' என்றீர்கள். 11 மணிக்கு, 'முந்தின வீட்டில் கேஸ் லீக், 1.30 ஆகும்' என்று வந்தது. லீவை மாற்றிக்கொண்டு, 1 மணி வரை வீட்டிலிருந்தே வேலை பார்த்தீர்கள். 1.10-க்கு 'கிளம்பிட்டார்' என்று வந்தது. 1.35-க்கு அழைப்பு மணி அடித்தது.

தாமதம் இப்போதும் இருக்கிறது. ஆனால் வியர்க்க விறுவிறுக்க வாசலில் நிற்கும் டெக்னீஷியனிடம், "ஏன் லேட்டு?" என்று கேட்க உங்களுக்குத் தோன்றாது. "உள்ள வாங்க, மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றுதான் சொல்வீர்கள்.